சர்வர் பிராசஸரா, டெஸ்க்டாப் பிராசஸரா? முதல்முறை கணினி கட்டுவோருக்கு ஒரு வழிகாட்டி

விளையாடவும் அன்றாட வேலை பார்க்கவும் ஒரு கணினியைச் சொந்தமாகக் கட்ட நினைப்பவர்கள் பிராசஸரைத் தேடத் தொடங்கியதும் ஒரு குழப்பத்தில் வந்து நிற்பார்கள். ஒரு பக்கம் 6 கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் மையம்) கொண்ட டெஸ்க்டாப் பிராசஸர். மறுபக்கம், அதைவிடக் குறைந்த விலையில் 14 கோர், 28 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை) கொண்ட பழைய சர்வர் பிராசஸர். எண்களை மட்டும் பார்த்தால் இரண்டாவதை விட்டுவிட மனம் வராது.

விலை ஏன் இவ்வளவு குறைவு என்பதற்குக் காரணம் எளிது. டேட்டா சென்டர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தங்கள் சர்வர்களை மொத்தமாக மாற்றுகின்றன. அவற்றிலிருந்து கழற்றிய இன்டெல் ஜியான்களும் ஏஎம்டி எபிக்குகளும் பழைய பொருள் சந்தைக்குக் குவியலாக வருகின்றன. அவை மோசமானவை அல்ல. வேறு வேலைக்காகச் செய்யப்பட்டவை. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்கும் ஆயிரம் சிறு வேலைகளை இரவு பகலாகச் சலிக்காமல் முடிப்பது அவற்றின் வேலை. உங்கள் கணினியில் இருக்கப்போவது நீங்கள் ஒருவர்தான். நீங்கள் கேட்கும் ஒரு வேலை உடனே முடிய வேண்டும். ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் நான் வலியுறுத்தப்போவது ஒன்றையே: விளையாட்டும் அன்றாட வேலையும்தான் தேவை என்றால் ஒரு கோரின் வேகத்தைப் பார்த்து வாங்குங்கள், கோர்களின் எண்ணிக்கையைப் பார்த்து அல்ல.

படி 1: செய்யும் வேலைகளை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, கணினியில் நீங்கள் உண்மையாகவே செய்யும் வேலைகளை எழுதுங்கள். என்றாவது செய்யலாம் என்று நினைப்பவை வேண்டாம். பிரவுசர், கடிதம், கணக்குத் தாள், வீடியோ அழைப்பு, விளையாட்டு, கொஞ்சம் படத் தொகுப்பு என்று பட்டியல் முடிந்துவிட்டால் நீங்கள் டெஸ்க்டாப் பிராசஸர் பக்கம்தான். முப்பரிமாணக் காட்சிகளை மணிக்கணக்கில் ரெண்டர் செய்வது, பெரிய நிரல்களைக் கம்பைல் செய்வது, ஒரே கணினிக்குள் பத்துப் பன்னிரண்டு மெய்நிகர்க் கணினிகளை ஓட்டுவது, 256 ஜிபிக்கு மேல் ரேம் கேட்கும் தரவு வேலை ஆகியவற்றில் ஏதாவது அந்தத் தாளில் இருந்தால்தான் சர்வர் வகையைப் பற்றி யோசிக்கவே வேண்டும்.

படி 2: இப்போதுள்ள கணினி எங்கே திணறுகிறது என்று பாருங்கள்

கையில் ஏதோ ஒரு கணினி இருந்தால் இதைத் தவிர்க்காதீர்கள். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு வரைபடத்தின் மீது வலது கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசஸர்களைத் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றுங்கள். ஒரே பெரிய கோடாகத் தெரிந்தது, த்ரெட்டுக்கு ஒன்றாகச் சிறுசிறு கட்டங்களாகப் பிரியும். இப்போது உங்கள் விளையாட்டைச் சிறிது நேரம் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து பாருங்கள்.

பல விளையாட்டுகளில் ஒன்றிரண்டு கட்டங்கள் உச்சியைத் தொட்டுக்கொண்டிருக்கும், மற்றவை பாதியிலோ அதற்குக் கீழோ கிடக்கும். 28 த்ரெட் உள்ள பிராசஸரில் ஒரு த்ரெட் முழுமூச்சாக ஓடினாலும் மொத்தப் பயன்பாட்டில் அது 3.6 சதவீதம்தான். ஆகவே விளையாட்டு திணறிக்கொண்டிருக்கும்போதே டாஸ்க் மேனேஜர் 15 சதவீதம் என்று காட்டலாம். அதைப் பார்ப்பவர், பிராசஸர் ஓய்வாகத்தான் இருக்கிறது, குறை வேறெங்கோ இருக்கிறது என்று நினைத்து ரேமையும் ஹார்டு டிஸ்க்கையும் மாற்றிக்கொண்டிருப்பார். மொத்தச் சதவீதத்தை நம்பாதீர்கள். தனித்தனிக் கட்டங்களைப் பாருங்கள். விண்டோஸ் ஒரு த்ரெட்டின் வேலையைக் கட்டத்துக்குக் கட்டம் மாற்றிக்கொண்டே இருக்கும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பக்கத்தில் கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டையும் கவனியுங்கள். அது 95 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது என்றால் தடை கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறது. எந்தப் பிராசஸரை வாங்கிப் போட்டாலும் பெரிய மாற்றம் தெரியாது. அது 60, 70 சதவீதத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது, பிரேம் எண்ணிக்கைக்கு (நொடிக்கு எத்தனை படங்கள் திரையில் வருகின்றன என்பதற்கு) நீங்கள் வரம்பு எதுவும் வைக்கவில்லை, விளையாட்டும் சீராக ஓடவில்லை என்றால் பெரும்பாலும் பிராசஸர்தான் பின்தங்குகிறது. இன்னும் உறுதி வேண்டுமானால் விளையாட்டின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். பிரேம் எண்ணிக்கை உயர்ந்தால் தடை கிராபிக்ஸ் கார்டு. அசையாமல் நின்றால் பிராசஸர்.

படி 3: ஒரு கோரின் வேகம் ஏன் முக்கியம் என்பதை எண்களில் பாருங்கள்

நொடிக்கு 60 பிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொரு பிரேமையும் 16.7 மில்லி நொடிக்குள் முடிக்க வேண்டும். நொடிக்கு 144 பிரேம் என்றால் 6.9 மில்லி நொடிதான் கிடைக்கும். அந்த இடைவெளிக்குள் நீங்கள் அழுத்திய பொத்தானை வாங்கி, விளையாட்டு உலகில் அதன் விளைவைக் கணக்கிட்டு, எதிரிகளை நகர்த்தி, எதை வரைய வேண்டும் என்ற கட்டளைகளை கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்ப வேண்டும். இவற்றில் பல ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்கக்கூடியவை. முந்தியது முடியாமல் அடுத்தது தொடங்காது. இந்த வரிசை வேலை பெரும்பாலும் ஒரே த்ரெட்டில், அதாவது ஒரே கோரில் நடக்கிறது.

6.9 மில்லி நொடியில் 3.3 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோருக்குச் சுமார் 2.3 கோடி துடிப்புகள் கிடைக்கும் (1 கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு நூறு கோடி துடிப்பு). 5.2 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோருக்கு 3.6 கோடி. புதிய தலைமுறைக் கோர் ஒவ்வொரு துடிப்பிலும் முடிக்கும் வேலையும் அதிகம் என்பதால் உண்மையான வித்தியாசம் இதைவிடப் பெரியது. பக்கத்தில் இன்னும் 13 கோர்கள் சும்மா இருந்தாலும் அந்த வரிசை வேலையை அவற்றால் பகிர்ந்துகொள்ள முடியாது. ஒரு வேலையில் பிரிக்க முடியாத பகுதி எவ்வளவோ, அதுவே மொத்த வேகத்துக்கு எல்லை வகுக்கும் என்பதை ஜீன் அம்டால் 1967-இலேயே எடுத்துக்காட்டினார். இன்றைய விளையாட்டுகளும் அந்த எல்லைக்குள்தான் நிற்கின்றன.

இனி இரண்டு பிராசஸர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2016-இல் வந்த ஜியான் ஈ5-2680 வி4: 14 கோர், 28 த்ரெட், அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் (தேவைப்படும்போது எட்டும் உச்ச வேகத்தில்) 3.3, கேச் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 35 எம்பி, 120 வாட். 2022 தொடக்கத்தில் வந்த கோர் ஐ5-12400: 6 கோர், 12 த்ரெட், டர்போவில் 4.4 கிகாஹெர்ட்ஸ், கேச் 18 எம்பி, அடிப்படை மின்தேவை 65 வாட், உச்சத்தில் 117. ஒரு கோரை மட்டும் சோதித்தால் இரண்டாவது முதலாவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தை நெருங்குகிறது. எல்லாக் கோர்களையும் சேர்த்து ஓட்டினாலும் அந்த 6 கோர், 14 கோருக்கு இணையாக நிற்கிறது. ஆறு ஆண்டு இடைவெளியில் ஒரு கோர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதைப் புதியவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. கோர் என்பது அளவுகோல் அல்ல; ஒவ்வொரு தலைமுறையிலும் அதன் மதிப்பு மாறுகிறது.

கேச் நினைவகத்திலும் இதே மயக்கம் உண்டு, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2022-இல் வந்த எபிக் 9654-இன் விவரப் பட்டியலில் மூன்றாம் நிலைக் கேச் 384 எம்பி என்று இருக்கும். 2024-இல் வந்த, ஏஎம்டியின் டெஸ்க்டாப் பிராசஸரான ரைசன் 7 9800எக்ஸ்3டி-யில் 96 எம்பிதான். ஆனால் அந்த எபிக் பன்னிரண்டு சிறு சில்லுகளால் ஆனது. ஒவ்வொரு சில்லிலும் 8 கோர், அவற்றுக்கென 32 எம்பி. ஒரு கோர் தன் சில்லின் 32 எம்பியைத்தான் வேகமாக எட்ட முடியும். 9800எக்ஸ்3டி-யிலோ 8 கோர்களும் 96 எம்பி முழுவதையும் பகிர்ந்துகொள்கின்றன. விளையாட்டுகள் அடிக்கடி தேடும் தரவு அந்த 96 எம்பிக்குள்ளேயே கிடைத்துவிடும்போது ரேம் வரை போய் வரும் காத்திருப்பு குறைகிறது. நொடிக்கு எத்தனை பிரேம் என்ற சராசரியைக் காட்டிலும், நடுநடுவே விழும் திக்கல்கள் குறைவதில்தான் இதன் பலன் கண்ணுக்குத் தெரியும். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பெரிதாக்கிய கேச் சர்வர்களிலும் உண்டு. டெஸ்க்டாப்புக்கு அது ரைசன் 7 5800எக்ஸ்3டி-யில் 2022 ஏப்ரலில் வந்தது. எபிக்கில் அதற்கு ஒரு மாதம் முன்பே வந்துவிட்டது. தொழில்நுட்பத்தில் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. எதற்காகச் சமநிலை செய்திருக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

படி 4: பெயரைப் படிக்கப் பழகுங்கள்

விற்பவர் "ஜியான், 28 த்ரெட்" என்று மட்டும் சொன்னால் போதாது. முழு எண்ணையும் கேளுங்கள். ஈ5-2680 வி4 என்பதில் முதலில் வரும் 2, இந்த வகையில் இரண்டு பிராசஸர்களை ஒரே மதர்போர்டில் சேர்த்து ஓட்டலாம் என்று பொருள்படும். கடைசியில் உள்ள வி4 தலைமுறை. இந்த வி எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எதுவும் இல்லாதவற்றிலும் வி2-விலும் ஏவிஎக்ஸ்2 என்னும் கட்டளைத் தொகுதி கிடையாது, வி3-இல்தான் வந்தது. அது இல்லாமல் திறக்கவே மறுக்கும் புதிய விளையாட்டுகள் உண்டு. எபிக் 7000 வரிசையிலும் 9000 வரிசையிலும் கடைசி இலக்கம் தலைமுறையைச் சொல்லும்: 7551 முதல் தலைமுறை, 7542 இரண்டாவது, 7543 மூன்றாவது. இறுதியில் பி இருந்தால் அது ஒற்றைப் பிராசஸர் போர்டுகளுக்கு மட்டும்.

டெஸ்க்டாப் பக்கம் இன்டெல் கோர் எண்ணின் முடிவில் எஃப் இருந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது. கே இருந்தால் ஓவர்கிளாக் செய்யலாம், அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டலாம். ரைசனில் எக்ஸ்3டி என்றால் மேலே சொன்ன பெரிய கேச். ஜி என்றால் உள்ளமைந்த கிராபிக்ஸ் வலுவாக இருக்கும். ரைசன் 5 5600 போன்றவற்றில் எஃப் இல்லாவிட்டாலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: பிராசஸர் விலையை அல்ல, முழுக் கணினியின் விலையைக் கூட்டுங்கள்

சர்வர் பிராசஸரின் விலை கவர்ச்சியாக இருப்பது அது தனியாக மேசையில் கிடக்கும்வரைதான். அதற்கான மதர்போர்டு தேடினால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உண்மையான சர்வர் போர்டு: அளவில் பெரியது, சாதாரண கேபினெட்டில் பெரும்பாலும் அடங்காது, பலவற்றில் ஒலி இணைப்பே இருக்காது, யுஎஸ்பி வாய்கள் சொற்பம், பவர் பொத்தானை அழுத்தியபின் ரேமைச் சோதித்துவிட்டு விண்டோஸுக்கு வர நிமிடக் கணக்கில் ஆகும். ஸ்லீப் வசதியும் பெரும்பாலானவற்றில் இல்லை. அன்றாட வேலைக்கு இந்தச் சிறு எரிச்சல்கள்தான் பெரிய குறை. இன்னொன்று, பழைய சிப்செட்களை எடுத்துப் பொருத்தி இன்று புதிதாகத் தயாரிக்கப்படும் மலிவுப் போர்டுகள். இவை ஓடும், நன்றாகவே ஓடுபவையும் உண்டு. ஆனால் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பை எதிர்பார்க்க முடியாது, மின்சாரப் பகுதியின் தரம் போர்டுக்குப் போர்டு மாறும்.

ரேமிலும் கவனம் வேண்டும். சர்வர்களில் பயன்படும் ரெஜிஸ்டர்டு இசிசி (பிழைதிருத்தும்) ரேம் பழையதாக மலிவாகக் கிடைக்கும். அது டெஸ்க்டாப் போர்டில் வேலை செய்யாது. நாளை டெஸ்க்டாப்புக்கு மாறும்போது அந்த ரேமைக் கொண்டுபோக முடியாது. இரண்டு வகைகளையும் ஒரே போர்டில் கலக்கவும் முடியாது. பிழைதிருத்தும் ரேம்தான் உங்கள் நோக்கம் என்றால் அதற்காக எபிக் வாங்க வேண்டியதில்லை: ரெஜிஸ்டர்டு அல்லாத இசிசி ரேமை ஏற்கும் ரைசன் போர்டுகள் இருக்கின்றன. வாங்குமுன் போர்டின் விவரப் பக்கத்தில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மின்சாரக் கணக்கு எளிது. ஒரு கணினி மற்றதைவிடச் சராசரியாக 60 வாட் கூடுதலாக எடுத்து, நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால், 30 நாளில் 14.4 யூனிட் கூடுதல். உங்கள் கட்டண விகிதத்தால் பெருக்கி, மூன்று ஆண்டுக்கு நீட்டிப் பாருங்கள். பிராசஸரில் மிச்சம் பிடித்தது எங்கே போகிறது என்று தெரியும்.

விண்டோஸையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-க்கு ஏற்றவை என்று வெளியிட்டுள்ள பட்டியலில் ஈ5 வி4 இல்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வேறு வழிகளில் விண்டோஸ் 11-ஐ நிறுவிவிட்டாலும் விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் குறுக்கே நிற்கும். விண்டோஸ் 11-இல் வாலரன்ட் ஆட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டும் வேண்டும். பேட்டில்ஃபீல்டு 6 செக்யூர் பூட் கேட்கிறது. பழைய சர்வர் போர்டுகள் பலவற்றில் இவை ஒழுங்காக அமையாது. நீங்கள் ஆடும் விளையாட்டு என்ன கேட்கிறது என்பதைப் பிராசஸர் வாங்குமுன் படித்துவிடுங்கள். இரண்டு பிராசஸர் போர்டு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: விண்டோஸ் ஹோம் ஒரு பிராசஸரை மட்டுமே பயன்படுத்தும், இரண்டுக்கு புரோ பதிப்பு வேண்டும். அப்படியே போட்டாலும் விளையாட்டுக்குப் பலன் இல்லை. ஒரு பிராசஸரின் பக்கமுள்ள ரேமை மற்றது எட்டிப் பிடிக்கும்போது தாமதம் கூடுகிறது. அது திக்கலாகத் தெரியும்.

படி 6: முடிவெடுங்கள்

பிரவுசரும் எழுத்து வேலையும் மட்டும் என்றால் உள்ளமைந்த கிராபிக்ஸ் உள்ள 4 அல்லது 6 கோர் டெஸ்க்டாப் பிராசஸர் தாராளம். மிச்சப்படும் பணத்தை எஸ்எஸ்டி-யிலும் 16 ஜிபி ரேமிலும் போடுங்கள்.

விளையாட்டு என்றால் ஐ5-12400, ரைசன் 5 5600 தரத்திலான 6 கோர் இன்றும் நல்ல தொடக்கம். கிராபிக்ஸ் கார்டு நடுத்தரமானது என்றால் இதற்கு மேல் பிராசஸருக்குச் செலவழிப்பது வீண். உயர்தரக் கிராபிக்ஸ் கார்டும் 144 பிரேமுக்கு மேற்பட்ட திரையும் இருந்தால் 8 கோர் எக்ஸ்3டி வகைக்குப் போங்கள். விளையாடிக்கொண்டே நேரலை ஒளிபரப்பும் வீடியோத் தொகுப்பும் செய்பவர்கள் 12, 16 கோர் டெஸ்க்டாப் வகைகளைப் பார்க்கலாம். இன்டெல்லின் உள்ளமைந்த கிராபிக்ஸில் உள்ள குயிக் சிங்க் என்னும் வசதி, வீடியோவை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலையில் பிராசஸரின் சுமையை நிறையவே குறைக்கும். ஈ5 ஜியான்களில் அது கிடையாது.

சர்வர் பிராசஸர் உண்மையிலேயே ஜெயிக்கும் இடங்களை நான் மறைக்க விரும்பவில்லை. எபிக் 9654 ஒரு பிராசஸருக்கு 12 ரேம் சேனல்களையும் (ரேமுக்கான பாதைகள்) 128 பிசிஐஇ தடங்களையும் (கிராபிக்ஸ் கார்டு போன்றவை இணையும் பாதைகள்) தருகிறது. டெஸ்க்டாப்பில் ரேம் சேனல் இரண்டு, பிசிஐஇ தடங்கள் இருபது முப்பதுக்குள். நான்கைந்து கிராபிக்ஸ் கார்டுகளைப் பொருத்திக் கணக்கீடு செய்பவருக்கு அதுதான் வேண்டும். வீட்டில் எப்போதும் ஓடும் கோப்புச் சர்வர், மெய்நிகர்க் கணினிகளை வைத்து நெட்வொர்க் கற்பது போன்றவற்றுக்கும் பழைய ஜியான் நல்ல தேர்வு. படிக்கும் மாணவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். விளையாட்டுக் கணினியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

பழைய சர்வர் பிராசஸர் வாங்குவதென்றே முடிவானால் மூன்று சோதனைகள் செய்யுங்கள். மேல்மூடியில் மாடல் எண் இல்லாமல் "கான்ஃபிடென்ஷியல்" என்று பொறித்திருந்தால் அது விற்பனைக்கு வந்ததல்ல, சோதனை மாதிரி. வேகமும் குறையலாம், பயாஸ் ஏற்காமலும் போகலாம். எபிக் என்றால் அது முன்பு எந்த நிறுவனத்தின் சர்வரில் இருந்தது என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் பாதுகாப்புக்காகப் பிராசஸரைத் தங்கள் போர்டுகளுடன் நிரந்தரமாகப் பூட்டிவிடுகின்றன. அதை வேறு போர்டில் போட்டால் கணினி எழும்பாது, பூட்டைத் திறக்கவும் வழியில்லை. கடைசியாக, பின்புறத் தொடுபுள்ளிகளில் கீறலோ கறையோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

படி 7: கட்டி முடித்ததும்

பயாஸுக்குள் சென்று ரேமின் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்குங்கள். இயக்காவிட்டால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் ரேம் ஓடாது. இரண்டு ரேம் குச்சிகள் என்றால் நான்கு இடங்களுள்ள போர்டில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். போர்டின் கையேட்டில் படம் இருக்கும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, விளையாடும்போது பிராசஸரின் வெப்பத்தையும் கோர்களின் வேகத்தையும் ஒருமுறை பாருங்கள். விவரப் பட்டியலில் உள்ள டர்போ வேகத்துக்கு வெகு கீழே நின்றால் கூலர் சரியாக உட்காரவில்லையா, வெப்பம் கடத்தும் பேஸ்ட் பரவவில்லையா என்று திறந்து பார்க்க வேண்டும்.

திரையின் கேபிளை மதர்போர்டில் அல்ல, கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறீர்களா என்றும் உறுதிசெய்யுங்கள். பிறகு விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் ரெஃப்ரெஷ் ரேட் என்ற இடத்தைத் திறங்கள். 144 ஹெர்ட்ஸ் திரையாக இருந்தாலும் அங்கே 60 என்றே இருக்கக்கூடும்; அதை 144-க்கு மாற்றிவிட்டு விளையாடத் தொடங்குங்கள்.